நூறு எபிசோடுக்கு அப்புறம் சீரியல் ஏன் இழுக்குது, அதுக்கு அம்மாவா காரணம்?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன், தப்புன்னா திருத்துங்க. தினமும் ராத்திரி அம்மாவோட உட்கார்ந்து சீரியல் பார்க்கறீங்க, சிறகடிக்க ஆசையும் பாக்கியலட்சுமியும் முதல் நூறு எபிசோட் உங்களுக்கே பிடிச்சுது, அப்புறம் ஒரு ரகசியத்தை மாசக்கணக்கா வச்சுக்கிட்டு சுத்தி சுத்தி வர்றாங்க, எழுதறவங்களுக்கே முடிவு தெரியாதா, மெட்டி ஒலி கோலங்கள் காலத்துல இப்படி இல்லையேன்னு கேட்டிருக்கீங்க. கடைசி வரியில "அம்மா மாதிரி ஆளுங்க பார்க்கறதாலதானே இப்படி எடுக்கறாங்க"ன்னு ஒண்ணு போட்டிருக்கீங்க பாருங்க, உண்மையில நீங்க கேக்க வந்தது அதுதான்னு எனக்கு தோணுது. அதாவது தப்பு எடுக்கறவங்க மேலயா, பார்க்கறவங்க மேலயா? அதுக்குத்தான் இவ்வளவு நீளமா உட்கார்ந்து எழுதறேன், ஏன்னா அந்த கேள்வியை நானும் பல வருஷம் சுமந்துக்கிட்டு இருந்திருக்கேன்.

நான் 14 வருஷம் சீரியல் எடிட்டிங்ல இருந்தவன். அசிஸ்டெண்டா சேர்ந்து அப்புறம் தனியா டேபிள்ல உட்கார்ந்தேன். எந்த கம்பெனி எந்த சீரியல்னு சொல்ல விருப்பமில்ல, கூட வேலை செஞ்சவங்க இன்னும் அதே வேலையிலதான் இருக்காங்க. எடிட் ரூமுக்கு உள்ள நடக்கறதை கண்ணால பார்த்தவன்ங்கறதால அதை உறுதியா சொல்வேன். சேனல் மீட்டிங்ல என்ன பேசினாங்கங்கறது எங்களுக்கு டைரக்டர் வாய் வழியாதான் வரும், அதனால அந்த பக்கத்தை பத்தி நான் சொல்றதுல என் ஊகமும் கலந்திருக்கும், அங்கங்க சொல்லிடறேன்.

எழுதறவங்களுக்கு முடிவு தெரியாதாங்கற கேள்விக்கு, பெரும்பாலும் தெரியாதுன்னுதான் பதில், ஆனா அது அவங்க திறமைக்குறைவு இல்ல. ஒரு சீரியல் ஆரம்பிக்கறப்போ ஒன்லைன், அதாவது கதைச்சுருக்கம், ஓகே ஆகும், முதல் 60, 70 எபிசோடுக்கு நல்லா உட்கார்ந்து ட்ராக் பிரிச்சிருப்பாங்க, யாரு யாருக்கு என்ன உறவு, எந்த வாரம் எந்த திருப்பம்னு சார்ட் போட்டு சுவத்துல ஒட்டியிருப்பாங்க. டெலிகாஸ்ட் ஆரம்பிக்கும்போது கையில 20, 25 எபிசோட் ரெடியா இருக்கும், அதை நாங்க பேங்க்னு சொல்லுவோம். பேங்க் இருக்கற வரைக்கும் எல்லாருக்கும் மூச்சு விட நேரம் இருக்கும், வசனகர்த்தா ரெண்டு தடவை திருத்தி எழுதுவாரு, டைரக்டர் இன்னொரு டேக் போவாரு, நானும் ஒரு ஸீனை வெட்டி ரெண்டு நாள் கழிச்சு திரும்ப பார்த்து சரி பண்ணுவேன். அப்புறம் ஒரு ஆர்ட்டிஸ்டுக்கு உடம்பு முடியாம போகும், மழை பெய்யும், தீபாவளி வரும், ஷூட்டிங் ஹவுஸ் கிடைக்காது. பேங்க் 10 ஆகும், 5 ஆகும், அப்புறம் இன்னிக்கு எடுத்தா நாளன்னைக்கு டெலிகாஸ்ட்டுங்கற நிலைமைக்கு வந்துடும். கதையை பொறுமையா பிரிச்சு வச்ச அந்த 70 எபிசோடும் கிட்டத்தட்ட அதே சமயத்துலதான் தீரும். நீங்க "முதல் நூறு எபிசோட் நல்லா இருந்துச்சு"ன்னு சொன்னது கிட்டத்தட்ட கரெக்டான கணக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமயே நீங்க அந்த இடத்தை கண்டுபிடிச்சிருக்கீங்க.

அந்த நிலைமையில ஒரு நாள் எப்படி இருக்கும்னு சொல்றேன். நாளைக்கு ராத்திரி டெலிகாஸ்ட், இன்னிக்கு மதியம் 3 மணிக்கு ஹார்டு டிஸ்க்கை ஒரு பையன் பைக்ல கொண்டு வந்து கொடுக்கறான். எடிட் முடிச்சாதான் டப்பிங், டப்பிங் முடிச்சாதான் மியூசிக், எல்லாம் இன்னிக்கு ராத்திரிக்குள்ள. அரை மணி நேர ஸ்லாட்டுல விளம்பரம் போக எங்களுக்கு கொடுத்த அளவு 21 நிமிஷம். டிஸ்க்கை போட்டு பார்த்தா உருப்படியா 13 நிமிஷத்துக்குத்தான் ஸீன் இருக்கு, ஹீரோவா நடிக்கறவருக்கு அன்னிக்கு அரை நாள் கால்ஷீட்தான். நேத்து நடந்ததுன்னு ரீகேப் ஒண்ணரை நிமிஷம் போட்டா இன்னும் ஆறரை நிமிஷம் வேணும், அதாவது 390 செகண்ட். ஹால்ல ஒன்பது பேர் நிக்கறாங்க, மாமியார் ஒரு வார்த்தை சொல்றாங்க, ஒன்பது முகத்தையும் ஆளுக்கு 4 செகண்ட் காட்டினா ஒரு சுத்துக்கு 36 செகண்ட். அந்த மாதிரி மூணு வசனத்துக்கு மூணு சுத்து விட்டா 108. மருமகள் பழசை நினைச்சுப் பார்க்கறான்னு போன மாச ஸீனை கருப்பு வெள்ளையில ரெண்டு நிமிஷம் போட்டா இன்னொரு 120. மிச்சம் 162 செகண்டுக்கு ஆட்டோ வருது, இறங்கறாங்க, காசு கொடுக்கறாங்க, கேட் திறக்கறாங்க, செருப்பை கழட்டறாங்க, சாமி படத்துக்கு முன்னாடி நிக்கறாங்க. அறை விழற ஸீனை மூணு கோணத்துல மூணு தடவை காட்டறதும் இதே கணக்குலதான் வருது. பார்க்கறவங்க அதை ஸ்டைல்னு நினைப்பாங்க, நான் அதை செய்யும்போது கடிகாரத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். பத்து வருஷத்துக்கு மேல அந்த 36 செகண்ட் சுத்தை போட்டிருக்கேன், அதுல எனக்கு பெருமை கிடையாது.

இதோட டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்க்கறாங்கங்கற கணக்கு, சேரும்போதுதான் உண்மையான சிக்கல். டிஆர்பிங்கறது எல்லார் வீட்டு டிவியையும் எண்ணறது இல்ல. 2015லேந்து பார்க் (BARC)னு ஒரு அமைப்பு இதை எடுக்குது, நாடு முழுக்க 50,000க்கு மேல வீடுகள்ல மீட்டர் வச்சிருக்காங்க, இந்தியாவுல டிவி இருக்கற வீடு 2020 கணக்குப்படி சுமார் 21 கோடி, அப்போ கிட்டத்தட்ட 4,000 வீட்டுக்கு ஒரு வீடு. டிவி சத்தத்துக்குள்ள காதுக்கு கேக்காத ஒரு அடையாளம் சேர்த்து அனுப்பறாங்க, அதை வச்சு மீட்டர் எந்த சேனல்னு கண்டுபிடிக்கும், வீட்டுல யார் பார்க்கறாங்கன்னு அவங்கவங்க பட்டனை அவங்கவங்க அமுக்கணும். ஒரு வாரத்து கணக்கு அடுத்த வியாழக்கிழமை வரும். இதுல நிமிஷத்துக்கு எத்தனை பேர் இருந்தாங்கங்கற சராசரிதான் முக்கியம், அதனால ஒருத்தர் வந்து அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு போறதை விட அரை மணி நேரமும் அசையாம இருக்கறதுதான் சேனலுக்கு வேணும். ஒவ்வொரு விளம்பர இடைவெளிக்கு முன்னாடியும் யாரோ கதவை திறக்கறது, போன் அடிக்கறது, தட்டு கீழ விழறது எல்லாம் அதுக்காகத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் டைரக்டர் முகத்தை பார்த்தே அடுத்த வாரம் எனக்கு எப்படிப்பட்ட ஃபுட்டேஜ் வரும்னு சொல்லிடுவேன். வில்லி மருமகள் வந்த நாள்ல நம்பர் ஏறியிருந்தா அடுத்த ரெண்டு வாரமும் அவங்கதான். சாவுற மாதிரி எழுதியிருந்த கேரக்டர் பிழைச்சுக்கும். ரகசியம் உடையப்போகுதுன்னு ப்ரோமோ போட்ட வாரம் நம்பர் ஏறினா, உடையாம இன்னொரு வாரம் தள்ளலாம்னு யோசனை வரும், அது கனவா மாறும், நினைப்பா மாறும், கடைசி நேரத்துல யாராவது மயங்கி விழுவாங்க. ஒரு விஷயம் சொல்லணும், நம்பர் ஏறுனதுக்கு காரணம் ஜனங்க "உடையட்டும்"னு காத்திருந்தது, ஆனா மீட்டர்ல அந்த காத்திருப்பு மட்டும்தான் தெரியும், உடையாம போனப்போ உங்க அம்மா "சே"ன்னு சொல்லிட்டு எழுந்து போனது அதுல பதிவாகாது, ஏன்னா அப்போ எபிசோடே முடிஞ்சிருக்கும். அடுத்த நாள் அவங்க திரும்ப வந்து உட்காருவாங்க. அதனால ஜனங்க விரும்பறதாலதான் இழுக்கறாங்கங்கறதை நான் ஒத்துக்கமாட்டேன். ஜனங்க முடிவை விரும்பறாங்க, அந்த விருப்பத்தை வச்சுத்தான் முடிவு தள்ளிப்போகுது.

பழைய சீரியல் விஷயத்துக்கு வரேன். இங்க நம்ம எல்லாருக்கும் ஞாபகம் கொஞ்சம் ஏமாத்துது. மெட்டி ஒலி 2002லேந்து 2005 வரைக்கும் 811 எபிசோட். கோலங்கள் 2003லேந்து 2009 வரைக்கும் 1,500 எபிசோடை தாண்டிச்சு, அதுல கதாநாயகி அபியும் வில்லன் ஆதியும் எத்தனை வருஷம் மோதிக்கிட்டாங்கன்னு வீட்டுல பெரியவங்களை கேட்டு பாருங்க. இழுவைன்னு அப்பவும் திட்டுனாங்க, 1999ல வந்த சித்தியையே திட்டுனவங்க உண்டு. நிஜமாவே சுருக்கமா இருந்தது அதுக்கும் முன்னாடி, தூர்தர்ஷன்ல வாரம் ஒரு நாள், 13 வாரம்னு கணக்கு வச்சு எடுத்த காலம். அப்புறம் 90கள்ல வந்த மர்மதேசம் மாதிரி வாராந்திர தொடர்கள், அதுல ஒரு வாரம் முழுக்க எழுத நேரம் இருந்துச்சு, பார்க்கறவங்களுக்கும் ஒரு வாரம் முழுக்க பேச நேரம் இருந்துச்சு. சித்தி ஜெயிச்சதுக்கு அப்புறம் தினத்தொடர்தான் ராஜாவாச்சு.

ஆனா உங்க உணர்வு முழுசா தப்புன்னும் சொல்லமாட்டேன். 2020 மார்ச்ல லாக்டவுன்னால ஷூட்டிங் எல்லாம் நின்னுபோச்சு, சேனல்ல போட புதுசு இல்லாம சன் டிவியில மெட்டி ஒலியை மறுபடி போட்டாங்க, எனக்கும் வேலை இல்ல, வீட்டுல உட்கார்ந்து எடிட்டர் கண்ணோட அதை பார்த்தேன். அதுலயும் ஸீன் நீளம்தான், ஆனா நீளம் வேற இடத்துல இருக்கு. சிதம்பரம்னு ஒரு அப்பா, அஞ்சு பொண்ணுங்க, கட்டிக்கொடுத்த வீட்டுல பொண்ணு கஷ்டப்படறான்னு தெரிஞ்சும் சம்பந்தி வீட்டு வாசல்ல தயங்கி நிக்கற ஆள். அந்த தயக்கத்துக்கு கொடுத்த நேரம் எனக்கு வீணா தெரியல, அந்த அப்பாவா நடிச்ச டெல்லி குமார் முகத்துல அப்போ ஏதோ ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கும். நான் போட்ட 36 செகண்ட் சுத்துல ஒன்பது முகத்துலயும் ஒரே அதிர்ச்சிதான், ஒரு முகத்துலேந்து அடுத்த முகத்துக்கு போனா புதுசா எதுவும் தெரியாது.

இன்னொரு மாற்றம் எண்ணிக்கையில. அப்போ திங்கள் முதல் வெள்ளி, வருஷத்துக்கு 260 எபிசோட். இப்போ பெரிய சீரியல் பலதும் திங்கள் முதல் சனி, சிலது அவ்வப்போது ஞாயிறும் சேர்த்து. சனிக்கிழமை ஒண்ணு கூடினாலே வருஷத்துக்கு 52 எபிசோட் அதிகம். அதே எழுத்தாளர், அதே வீடு, அதே ஆர்ட்டிஸ்ட், அதே 24 மணி நேரம். இது நேரடியா தரத்தை தின்னுதுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சந்தேகமா சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு. முன்னாடி சன் டிவியில பல தயாரிப்பாளர்கள் ஸ்லாட்டை காசு கட்டி எடுத்து, விளம்பர நேரத்தை அவங்களே வித்து சம்பாதிச்சாங்க, கதையும் அவங்க கையில இருந்துச்சு. அப்புறம் சேனலே எபிசோடுக்கு இவ்வளவுன்னு கொடுத்து எடுக்கச் சொல்ற முறை பரவிச்சு, அதுல கதையை பத்தி சொல்ற குரல் அதிகம். இதனாலதான் சீரியல் கெட்டுப்போச்சுன்னு எங்க ஆளுங்க டீக்கடையில பேசுவாங்க. எனக்கு பாதிதான் சம்மதம். ஸ்லாட் முறையிலயும் விளம்பரம் வர்ற வரைக்கும் இழுத்தவங்க உண்டு, சேனல் கொடுத்து எடுத்த எதிர்நீச்சல்லயும் பல மாசம் எழுத்து நெருப்பா இருந்துச்சு.

இப்போ நான் உண்மையா சொல்ல வந்த விஷயம். நீங்க ரகசியம் தள்ளிப்போறதைத்தான் இழுவைங்கறீங்க. 14 வருஷம் இதையே வெட்டி ஒட்டின அனுபவத்துல, ரகசியத்தை தள்ளிப்போடறது தப்பே இல்லைன்னு நினைக்கறேன், நம்ம ஊர் கதை சொல்ற முறையே அதுதானே, கூத்துல விடிய விடிய உட்கார்ந்து பார்த்த ஜனங்க நாம. உடைஞ்சதுக்கு அடுத்த நாள் காலையில அந்த வீட்டுல யார் காபி போடுவா, யார் யார் முகத்தை பார்ப்பா, யார் எங்க தூங்குவாங்கறதை யாரும் யோசிச்சு வைக்காததுதான் இழுவை. யோசிக்கலைன்னா உடைக்க பயம் வரும், பயம் வந்தா தள்ளுவாங்க.

சிறகடிக்க ஆசையை எடுத்துக்கங்க. முத்து கார் ஓட்டறவன், மீனா பூ கட்டி விக்கறவ, மாமியார் விஜயா மருமகளை காசை வச்சு எடை போடறவங்க. 2023ல ஆரம்பிச்சப்போ இதுதான் சீரியல், எனக்கு ரொம்ப பிடிச்சது. பூ கட்டற கையை காட்டினா அதுலயே கதை இருக்கு, வீட்டுல மரியாதை இல்லாத ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்துக்கறதுதான் அது. இன்னொரு மருமகள் ரோகிணி பக்கம் பார்த்தீங்கன்னா, பணக்கார அப்பா மலேசியாவுல இருக்காருன்னு சொல்லி அந்த வீட்டுக்குள்ள வந்தவ, முன்னாடி கல்யாணம் ஆகி ஒரு பையனும் இருக்கறதை மறைச்சவ. எழுதறதுக்கு அருமையான கேரக்டர். வறுமைக்கு பயந்து பொய் சொன்ன பொண்ணை வெறும் வில்லியா பார்க்க முடியாது, விஜயா மாதிரி ஒரு மாமியார் முன்னாடி எந்த பொண்ணுக்கும் அந்த பயம் வரும். ஆனா மாட்டிக்கப்போறா, தப்பிச்சுட்டா, மாட்டிக்கப்போறா, தப்பிச்சுட்டாங்கற ஒரே வட்டத்தை வருஷக்கணக்கா போட்டா, பார்க்கறவங்க மனசுல அந்த பொண்ணு மேல இருந்த இரக்கம் காஞ்சுபோயிடுது. ஒவ்வொரு தடவை தப்பிக்கும்போதும் அவ எதையாவது இழந்திருக்கணும், ஒரு தோழியை, தூக்கத்தை, பையன் முகத்தை பார்க்கற ஒரு நாளை. சில இடத்துல அதை செஞ்சிருக்காங்க, அந்த எபிசோடெல்லாம் நல்லா இருந்துச்சு. செய்யாத இடம்தான் உங்களுக்கு இழுவையா தெரியுது.

பாக்கியலட்சுமியில காரணம் இன்னும் தெளிவா தெரியும். அதோட மூலம் 2019ல ஸ்டார் ஜல்சாவுல வந்த ஸ்ரீமோயிங்கற பெங்காலி சீரியல். இந்தியில அனுபமா, மலையாளத்துல குடும்பவிளக்கு, தெலுங்குல இன்டின்டி கிருஹலட்சுமின்னு ஒரே கதை ஊர் ஊரா போச்சு, போன இடமெல்லாம் ஓடிச்சு, ஏன்னா சமையல்கட்டுல இருந்த அம்மாவை நடு ஹாலுக்கு கொண்டு வந்து நிறுத்தின கதை. புருஷன் கோபி ராதிகாவோட இருந்த உறவை பாக்கியாகிட்ட மறைச்சுக்கிட்டே இருந்த வரைக்கும் ஒரு சூடு இருந்துச்சு, உடைஞ்ச உடனே பாக்கியா எடுத்த முடிவுல அதை விட சூடு இருந்துச்சு. ஈஸ்வரி மசாலான்னு மாமியார் பேர்லயே தொழில் ஆரம்பிச்ச பொண்ணு, அதே மாமியார் முன்னாடி நின்னு இனிமே என் வாழ்க்கையை நான் பார்த்துக்கறேன்னு திரும்பற இடம் வரைக்கும் அந்த சீரியலுக்கு ஒரு திசை இருந்துச்சு. மூலக்கதை 2021லயே முடிஞ்சுபோச்சு. தமிழ்ல 2025 வரைக்கும் ஓடிச்சு. அந்த மூணு வருஷத்துக்கு மேல பார்த்து எழுத கையில வரைபடம் கிடையாது. கோபியும் ராதிகாவும் அதே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாங்க, பிள்ளைங்க பிரச்சினை ஒண்ணொண்ணா முளைச்சுது. அதுக்காக எழுதினவங்க மேல எனக்கு கோபம் வரல, அவங்க நாற்காலியில உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு தெரியும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு வேணும்னா ஜீ5ல 2023ல வந்த அயலியை அம்மாவோட பாருங்க, எட்டே எபிசோட். அதுலயும் ரகசியம்தான். வயசுக்கு வந்தா படிப்பை நிறுத்தி கல்யாணம் பண்ணி வைக்கற ஊர்ல, டாக்டராகணும்னு ஆசைப்படற தமிழ்ச்செல்விங்கற பொண்ணு தான் வயசுக்கு வந்ததையே மறைக்கிறா. அவளும் மாட்டிக்கப்போறா, தப்பிக்கிறா, ஆனா ஒவ்வொரு தடவையும் ரகசியத்தோட கனம் கூடிக்கிட்டே போகுது, அம்மாவுக்கு தெரிஞ்சதும் அந்த அம்மாவே வேற மனுஷியா மாறறாங்க. எட்டு எபிசோடுக்கு எழுதறதும் 800க்கு எழுதறதும் ஒண்ணு இல்லைங்கறது எனக்கு தெரியும். ஆனா தினத்தொடர்லயும் ஒரு மாசத்தை ஒரு தொகுப்பா பிரிச்சு இந்த மாதிரி எழுதலாம், எழுதின ஆளுங்களோட வேலை செஞ்சிருக்கேன், ரெண்டு மாசம் அப்படி போச்சு, அந்த ரெண்டு மாசத்துல நான் ஒரு முகத்தை கூட தேவையில்லாம காட்டல.

எதிர்நீச்சலை சொல்லாம விட மனசில்ல. கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் 2022ல இதை ஆரம்பிச்சாரு, படிச்ச பொண்ணுங்களை மருமகளா கொண்டு வந்து அடுப்படியில உட்கார வைக்கற ஒரு வீடு. அந்த வீட்டு தலைவர் ஆதி குணசேகரனா நடிகர் மாரிமுத்து பண்ணினதை எடிட்டரா பார்த்தா ஒண்ணு தெரியும், அந்த மனுஷனுக்கு கட் தேவையே இல்ல. சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு, தலையை லேசா திருப்பி, "இந்தாம்மா ஏய்"னு சொல்றதுக்கு முன்னாடி எடுத்துக்கற அந்த ஒரு செகண்டை எந்த எடிட்டரும் வெட்டமாட்டான். நம்ம ஊர்ல பல வீட்டுல அந்த குரலை கேட்டு வளர்ந்த பொண்ணுங்க இருக்காங்க, அதனாலதான் அது மீம் ஆனதுக்கு அப்புறமும் பயம் போகல. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கிட்டு இருந்தப்பவே அவருக்கு முடியாம போய் இறந்துட்டாரு. அப்புறம் வேல ராமமூர்த்தி வந்தாரு, அவர் நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர், ஆனாலும் பார்க்கறவங்களுக்கு பழைய முகம்தான் கண்ணுல நின்னுச்சு. தினத்தொடர்ல "இவருக்கு பதில் இவர்"னு ஒரு கார்டு போட்டு நகர்ந்துடலாம், பெரும்பாலும் ஜனங்க ஒரு வாரத்துல பழகிடுவாங்க. அந்த தடவை பழகறதுக்கு ரொம்ப நாளாச்சு. தினமும் வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்த ஆள் திடீர்னு இல்லாம போனா வர்ற வருத்தம் அது, சினிமாவுல அது வராது.

இங்கதான் உங்க அம்மா விஷயம் வருது. எங்க அம்மா கும்பகோணத்துல இருந்தாங்க, அவங்க சீரியலை பார்த்ததை விட கேட்டதுதான் அதிகம். அடுப்படியில தாளிச்சுக்கிட்டே இருப்பாங்க, ஹால்ல டிவி ஓடும், மியூசிக் மாறினா மட்டும் கரண்டியோட வந்து எட்டி பார்ப்பாங்க. ஒரு தடவை ஊருக்கு போயிருந்தப்போ நான் எடிட் பண்ணின எபிசோட் ஓடுது, நான் ரொம்ப கஷ்டப்பட்டு சேர்த்த ஒரு மௌனமான ஸீன், பொண்ணு கடிதத்தை படிச்சுட்டு மடிச்சு வைக்கறா, பேச்சே இல்ல. அம்மா அடுப்படியிலேந்து "என்னடா டிவியை அமத்திட்டியா"ன்னு கேட்டாங்க. அன்னிக்குத்தான் புரிஞ்சுது, சீரியல்ல ஏன் எல்லாரும் மனசுல நினைக்கறதை சத்தமா பேசறாங்க, ஏன் நடந்ததையே திரும்ப ஒருத்தர் இன்னொருத்தருக்கு சொல்றாங்கன்னு. வேலை செய்யற கைகளுக்காக பண்ணின விஷயம் அது. உட்கார்ந்து முழு கவனத்தோட பார்க்கற உங்களுக்கும் எனக்கும் அது இழுவையா தெரியும், எழுந்து எழுந்து போற அவங்களுக்கு அதுதான் கயிறு.

அப்புறம் அவங்க அதை நம்பி ஏமாந்துக்கிட்டு இருக்காங்கன்னு நினைக்காதீங்க. எங்க அம்மாவும் பக்கத்து வீட்டு மாமியும் மறுநாள் காலையில கோலம் போட்டுக்கிட்டே பேசறதை கேட்டிருக்கேன், "அவ அப்பவே சொல்லியிருந்தா புருஷன் மன்னிச்சிருப்பான், இப்போ சொன்னா எப்படி மன்னிப்பான்"னு. எழுதினவங்க அந்த அளவுக்கு யோசிச்சிருந்தா அந்த சீரியல் எங்கேயோ போயிருக்கும். நேரா பேச முடியாத எத்தனையோ வீட்டு விஷயத்தை ரோகிணி பேரையும் கோபி பேரையும் வச்சுக்கிட்டு பேசறாங்க. அது பொழுதுபோக்குல ஒரு பெரிய விஷயம், அதை நான் லேசா எடுத்துக்கமாட்டேன்.

பிக் பாஸ் மட்டும் எப்படி இழுவையா தெரியலைன்னு நடுவுல கேட்டிருந்தீங்க. அங்க வேலை தலைகீழ். சீரியல் எடிட்டர் 13 நிமிஷத்தை 21 ஆக்கணும், அங்க வீடு முழுக்க கேமரா வச்சு 24 மணி நேரம் எடுத்ததை ஒரு மணி நேரத்துக்கு சுருக்கணும். அதோட 2017ல ஆரம்பிச்சதுலேந்து கமல் இருந்தப்பவும் சரி, 2024ல விஜய் சேதுபதி வந்ததுக்கு அப்புறமும் சரி, நூறு நாள் சொச்சத்துல முடிஞ்சே ஆகணும்னு ஒரு தேதி இருக்கு. யார் சண்டையை எவ்வளவு காட்டறதுங்கறது எடிட்டர் கையிலதான் இருக்கு, அதனால அதுல பார்க்கற மனுஷங்களை பத்தி தீர்ப்பு சொல்றப்போ கொஞ்சம் நிதானம் வேணும், ஒரு நாள்ல 23 மணி நேரத்தை நீங்க பார்க்கல.

அம்மாவை பார்க்காதேன்னு சொல்லலாமான்னா, சொல்லாதீங்க. அவங்ககிட்ட அடுத்து என்ன ஆகணும்னு கேளுங்க, ரோகிணி மாட்டினா மறுநாள் காலையில விஜயா என்ன பண்ணுவாங்க, அந்த பையன் எந்த வீட்டுல வளருவான்னு கேளுங்க. நான் இப்போ அத்தையோட உட்கார்ந்து அப்படித்தான் பார்க்கறேன், 78 வயசு அவங்களுக்கு, விளம்பரம் வந்தா சத்தத்தை குறைச்சுட்டு அவங்க கதை சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க. போன வாரம் அப்படி சொல்லிக்கிட்டு இருந்தப்போ சீரியல் திரும்ப ஆரம்பிச்சுது, அவங்க சத்தத்தை கூட்டல.